குழந்தையின் எச்சிலும் எடையும்: பசி டானிக் வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் கிண்டி, குழந்தைக்குப் பாதி ஊட்டியதும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று வையுங்கள். கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கூழ் தண்ணீர் விட்டிருக்கும். பாத்திரத்தில் மிச்சமிருக்கும் அதே கூழ் இறுகிப்போய்க் கரண்டி நிற்கும் பதத்தில் இருக்கும், கிண்ணத்தில் உள்ளது மட்டும் நீர்த்திருக்கும். கரண்டி வாய்க்கும் கிண்ணத்துக்குமாகப் போய் வந்ததில் ஒட்டிய எச்சில்தான் காரணம். (அந்த மிச்சத்தை எடுத்துவைத்து மறுபடி ஊட்டாதீர்கள், கொட்டிவிடுங்கள்.)

எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தின் நீளமான சங்கிலியைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. குழைந்து பிடித்துவைத்திருந்த மாவு பிடியை விடுகிறது, கூழ் தண்ணீராகிறது. சோற்றை நன்றாக மென்றால் இனிக்கிறதே, அதுவும் இதனால்தான், நறுக்கியதில் மால்டோஸ் என்ற சர்க்கரை வந்துவிடுகிறது.

இந்த நொதிக்கும் குழந்தையின் எடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், "என்சைம் குறைவாக இருக்கு, அதான் எடை ஏறல" என்று ஒரு வரியில் முடித்து பாட்டிலைக் கையில் கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தொடர்பு இருப்பது உண்மை, ஆனால் அது பாட்டிலில் இல்லை. எந்த வயதில் எதைக் கொடுக்கிறோம், எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கிறோம், பிள்ளை மெல்லுகிறதா விழுங்குகிறதா, வாய் ஈரமாக இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. எல்லாம் வீட்டில் சரிசெய்யக்கூடியவை.

முதலில் ஒரு சின்னச் சோதனை

பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதையும் கூட உட்காரவைத்துச் செய்யுங்கள், மென்று தின்னச் சொல்லி நூறு தடவை கத்துவதைவிட இது வேலை செய்யும். சோறு வடித்த கஞ்சியை எடுத்து, அதைப்போல் நாலு மடங்கு தண்ணீர் விட்டு மெல்லியதாக்கி, வெதுவெதுப்பு ஆனதும் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் இரண்டு இரண்டு ஸ்பூன் ஊற்றுங்கள். பிள்ளை வாயைக் கொப்புளித்துவிட்டு ஒரு தம்ளரில் மட்டும் ஒரு ஸ்பூன் அளவு எச்சிலைத் துப்பட்டும், கொஞ்சம் சிரிப்பும் முகச்சுளிப்பும் வரும், பரவாயில்லை. மற்றதில் அதே அளவு தண்ணீர் விடுங்கள். இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள கிண்ணத்தில் இருபது நிமிடம் வையுங்கள். அப்புறம் முதலுதவிப் பெட்டியில் இருக்கும் பொவிடோன் அயோடின் மருந்தை இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள்.

தண்ணீர் விட்ட தம்ளரில் கருநீலம் பொங்கிப் பரவும், மாவுச்சத்து அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். எச்சில் விட்டதில் மருந்தின் பழுப்பு நிறமோ வெளுத்த ஊதாவோதான் தெரியும். உடனே கீழே கொட்டிவிட்டுத் தம்ளரைக் கழுவுங்கள், குடிக்கிற பொருள் இல்லை அது.

ஒரு எச்சரிக்கை. அண்ணனுடைய தம்ளர் சீக்கிரம் வெளுத்தது, தங்கையுடையது தாமதமாக வெளுத்தது என்று வைத்து எதையும் கணிக்காதீர்கள். எச்சில் அமிலேஸ் ஆளுக்கு ஆள் பல மடங்கு வித்தியாசப்படும், ஒரே ஆளுக்கே காலையில் எழுந்ததும் குறைவாகவும் நாள் போகப் போக அதிகமாகவும் இருக்கும், பயந்தாலோ படபடப்பு வந்தாலோ ஏறும். மன அழுத்தத்தை அளக்கக்கூட ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றை ஒரு தடவை அளந்து பார்த்து எடையைப் பற்றிப் பேச முடியாது.

எச்சில் செய்வதும் செய்யாததும்

வாயில் உணவு இருக்கும் நேரம் சில வினாடிகள்தான். ஆனால் விழுங்கிய பிறகும் உருண்டையின் நடுவில் அமிலேஸ் வேலை செய்துகொண்டே இருக்கும், இரைப்பையின் அமிலம் உள்ளே ஊறி வரும்வரை. அதற்குப் பிறகு நின்றுவிடும். மீதி மாவுச்சத்து முழுவதையும் கணையத்தில் சுரக்கும் அமிலேஸ் சிறுகுடலில் பார்த்துக்கொள்கிறது, பெரிய வேலை அதனுடையதுதான். எனவே ஒரு வயது தாண்டிய, மற்றபடி ஆரோக்கியமான பிள்ளைக்கு எச்சில் நொதி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சோறு செரிக்காமல் போகாது.

வேறு நொதிகளும் உண்டு. நாக்கின் பின்பகுதியில் சிறிதளவும் இரைப்பையில் பெருமளவும் சுரக்கும் லிப்பேஸ், கைக்குழந்தைக்குப் பாலில் உள்ள கொழுப்பைச் செரிக்க உதவுகிறது. லைசோசைம், லாக்டோபெராக்சிடேஸ் போன்றவை வாயில் கிருமிகளைக் கட்டுக்குள் வைக்கின்றன. பல்லுக்கு இது முக்கியம், பல் சொத்தைக்கும் எடைக்கும் உள்ள தொடர்பைப் பின்னால் பார்ப்போம்.

ஆறு மாதத்துக்கு முன் கஞ்சி வேண்டாம்

பிறந்த குழந்தையின் எச்சிலில் அமிலேஸ் மிகக் குறைவு. கணையத்தில் முதல் சில மாதங்களுக்கு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். தாய்ப்பாலில் அமிலேஸ் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாத விஷயம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு இது ஒரு காரணம் மட்டுமே. சின்ன வயிற்றை அரிசிக் கஞ்சித் தண்ணீரால் நிரப்பினால் பால் குடிப்பது குறையும், கூடவே வயிற்றுப்போக்கும் வர வாய்ப்பு உண்டு, அவைதான் இன்னும் பெரிய காரணங்கள்.

மூன்று நான்கு மாதத்தில் ஜொள்ளு ஒழுக ஆரம்பித்ததும் "பல்லு வருது, சாப்பாட்டுக்கு ஏங்குது" என்று பாலில் பிஸ்கட்டை ஊறவைத்து நாக்கில் தடவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஜொள்ளு என்பது எச்சில் சுரப்பிகள் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டன, விழுங்கத்தான் குழந்தைக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்பதற்கு அடையாளம், சாப்பாட்டுக்கான அழைப்பு இல்லை. தலை ஆடாமல் நிற்கிறதா, பிடித்துக்கொண்டால் உட்காருகிறதா, ஸ்பூனை வாயில் வைத்தால் நாக்கால் வெளியே தள்ளாமல் இருக்கிறதா, இவற்றைப் பாருங்கள். ஆறு மாதத்தையொட்டி இவையும் வந்துவிடும், எச்சில் அமிலேஸும் நன்றாகவே ஏறியிருக்கும்.

எடை ஏறாத குழந்தைக்கு: கஞ்சியில் தண்ணீர்தான் பிரச்சினை

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும் என்பேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 சதவீதம் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள், அதிக எடை உள்ளவர்கள் 4.3 சதவீதம். எடை ஏறாததுதான் நம் வீடுகளில் இன்னும் பெரிய கவலை. அந்தக் கவலையில் நாம் செய்வதே பல சமயம் தலைகீழாக இருக்கிறது.

"புள்ளைக்குச் செரிக்காதும்மா, நல்லா தண்ணியா கரைச்சுக் குடு" என்பார்கள் பெரியவர்கள். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மில்லி தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 10 கிராம், கேழ்வரகு மாவு போட்டுக் காய்ச்சினால் அதில் இருப்பது ஏறத்தாழ 33 கலோரி. அதே 200 மில்லி தாய்ப்பாலில் 130 கலோரிக்கு மேல் இருக்கும். பாலைவிடச் சத்துக் குறைந்த ஒன்றை, பால் குடிக்க வேண்டிய இடத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்! தாய்ப்பால் குடிக்கும் 6 முதல் 8 மாதக் குழந்தைக்குப் பாலுக்கு மேல் ஒரு நாளைக்கு இணை உணவிலிருந்து சுமார் 200 கலோரி வேண்டும். இந்தத் தண்ணிக் கஞ்சியால் அதைக் கொடுக்க வேண்டுமென்றால் ஒரு லிட்டருக்கு மேல் ஊட்டியாக வேண்டும். எட்டு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்ளுவதோ 240 மில்லி அளவுதான். மூன்று வேளை வயிறு முட்டக் கொடுத்தாலும் கணக்கு வராது.

அப்படியானால் மாவை அதிகம் போடுவோம் என்றால் அது களி ஆகிவிடுகிறது. ஏழு மாதக் குழந்தை களியை எப்படி விழுங்கும்? அதன் எச்சில் கரைத்துத் தருவதற்குள் தொண்டையை அடைக்கும், துப்பிவிடும். இங்கேதான் எச்சில் செய்யும் அதே வேலையை அடுப்படியிலேயே செய்துகொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. முளைகட்டிய தானியத்தில் நிறைய அமிலேஸ் உண்டு, விதை தன் மாவுச்சத்தைத் தானே கரைத்துக்கொண்டுதான் முளைக்கிறது. சிறுதானியங்களில் கேழ்வரகு இதில் கெட்டிக்காரன், மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். 1980களில் பரோடாப் பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸும் அவர் குழுவினரும் முளைகட்டிய தானிய மாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துக் கெட்டிக் கஞ்சியை இளக்கும் முறையை குழந்தை உணவுக்காகவே வகுத்தார்கள். தான்சானியாவில் அதே காலத்தில் 'கிமேயா' என்ற முளைத்த தானிய மாவை வைத்து இதையே செய்தார்கள். நம் அங்கன்வாடிச் சத்துமாவிலும் முளைகட்டிய கேழ்வரகு மாவு உண்டு, அது ருசிக்காக மட்டும் போட்டது இல்லை.

வீட்டில் செய்வது இப்படி. கால் கிலோ கேழ்வரகைக் கல் மண் போகக் களைந்து ஒரு ராத்திரி ஊறவையுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, சுத்தமான பருத்தித் துணியில் மூட்டை கட்டி, காய்ந்துவிடாமல் அவ்வப்போது தண்ணீர் தெளித்து, ஒன்றரை இரண்டு நாள் விடுங்கள். வெள்ளை முளை தெரிந்ததும் பிரித்துப் பரப்பிக் காயவையுங்கள், நன்றாக மொறுமொறுவென்று. கையால் தேய்த்தால் காய்ந்த முளை உதிரும், புடைத்துவிட்டு அரைத்துச் சலித்து ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். முளைகட்டும்போது புளித்த வாடையோ வழவழப்போ பூஞ்சையோ வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சோளத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், சோள முளையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, அதைப் பக்குவமாக நீக்கத் தெரிந்தவர்கள் செய்யட்டும்.

இந்த மாவை வறுக்கக் கூடாது. வறுத்தால் வாசனை நன்றாக இருக்கும், நொதி செத்துவிடும், அப்புறம் அது சாதாரண மாவுதான். கடையில் 'முளைகட்டிய ராகி' என்று வாங்குவதும் பெரும்பாலும் வறுத்ததாகவே இருக்கும், மற்றபடி நல்ல மாவு, ஆனால் கூழை இளக்காது.

இப்போது கூழ். 200 மில்லி தண்ணீருக்கு நாலு மேசைக்கரண்டி மாவு, அதாவது சுமார் 40 கிராம் எடுங்கள். முக்கால் பங்கு கேழ்வரகு, கால் பங்கு வறுத்து அரைத்த பாசிப்பருப்பு. கட்டி தட்டாமல் கரைத்து நன்றாக வேகவிடுங்கள். வெந்தால்தான் எந்த அமிலேஸும் மாவில் நுழையும், பச்சை மாவை எச்சிலாலும் முளை மாவாலும் அதிகம் ஒன்றும் செய்ய முடியாது. களிபோல் ஆனதும் அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு, முளைகட்டிய மாவு ஒரு தேக்கரண்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். கரண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த களி கண்ணெதிரே தளர்ந்து, தோசை மாவு பதத்துக்கு வந்து, ஐந்து பத்து நிமிடத்தில் ஸ்பூனிலிருந்து வழியும். முதல் தடவை பார்க்கும்போது நம்பவே முடியாது. கொதிக்கும்போதே ஊற்றினால் இது நடக்காது, சூட்டில் நொதி கெட்டுவிடும். முழுக்க ஆறிய பிறகு ஊற்றினாலும் மந்தமாகத்தான் நடக்கும். இளகியதும் மறுபடி அடுப்பில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவையுங்கள். முளைகட்டும்போது கிருமியும் கூடவே வளர்ந்திருக்கும், அதற்காக. கடைசியில் ஒரு தேக்கரண்டி நெய்.

கூட்டிப் பாருங்கள், மாவில் 130 கலோரியும் நெய்யில் 45ம். அதே ஒரு கிண்ணம், தண்ணிக் கஞ்சியைப்போல் ஐந்து மடங்கு. இதையே மூன்று வேளையும் ஊட்டாதீர்கள், ஒரு வேளைக்கு இது, மற்ற வேளைகளில் பருப்புச் சாதம், முட்டை மஞ்சள் கரு, மசித்த காய், கீரை. கலோரி மட்டும் ஏறி இரும்பும் புரதமும் வராமல் போனால் பசியும் குறையலாம்.

மிக்ஸியை எப்போது நிறுத்துவது

ஒன்பது மாதத்துக்குள். அந்த வயதில் பல் இரண்டு நான்குதான் இருக்கும், ஈறால் மசிக்கும், போதும். இங்கிலாந்தில் ஏவான் பகுதிக் குழந்தைகளைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில், கட்டி உள்ள உணவை ஒன்பது பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்ட பிள்ளைகள் பிற்பாடு சாப்பாட்டில் அதிகம் அடம்பிடித்தார்கள், ஏழு வயதிலும் காய் பழங்களைக் குறைவாகவே சாப்பிட்டார்கள் என்று தெரிந்தது.

நம் ஊரில் ஒன்பது மாதம் எங்கே, மூன்று வயதுப் பிள்ளைக்கு இட்லியையும் சாம்பாரையும் மிக்ஸியில் அடித்து, கையில் போனைக் கொடுத்து, வாய் திறக்கும்போது உள்ளே தள்ளி, அது மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டதும் டம்ளரில் தண்ணீர் கொடுத்து விழுங்கவைப்பதைத் தினமும் பார்க்கிறோம். மென்றால்தான் எச்சில் பெருகும். மெல்லும் அசைவு, உணவின் ருசி, வாசனை எல்லாம் சேர்ந்துதான் சுரப்பியைத் தூண்டுகின்றன. அரைத்ததை விழுங்கும் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் கிடைப்பதில்லை, போதும் என்ற உணர்வும் சரியாக வருவதில்லை. ஆகவே அது எடை குறைந்த பிள்ளையானால் சாப்பாட்டை வெறுக்கும், எடை கூடிய பிள்ளையானால் அளவு தெரியாமல் விழுங்கும்.

மாற்றுவது ஒரே நாளில் நடக்காது. முதல் வாரம் மிக்ஸிக்குப் பதில் மத்தால் மசியுங்கள். அடுத்து கரண்டியால். அப்புறம் கையால் பிசைந்து, பருக்கை தெரியும்படி. கூடவே கையில் பிடித்துக் கடிக்கிற மாதிரி ஒன்று: வேகவைத்த கேரட் விரல், இட்லித் துண்டு, நெய் தோசையின் ஓரம், பழுத்த பப்பாளி. குழந்தை குமட்டினால் பதறிப்போய் மறுபடி மிக்ஸிக்கு ஓடாதீர்கள், குமட்டல் கற்றுக்கொள்வதின் ஒரு பகுதி, சத்தம் வரும், இருமும், முகம் சிவக்கும். மூச்சுத் திணறல் வேறு, அதில் சத்தமே வராது. அதனால் முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு போன்றவை நாலைந்து வயதுவரை வேண்டாம், சாப்பிடும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். நடுநடுவே தண்ணீர் கொடுத்து விழுங்கவைக்கும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் கொடுக்கலாம், உணவைத் தள்ளுவதற்கு வேண்டாம்.

எடை கூடிய பிள்ளைக்கு

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள் நம் பெரியவர்கள். ஜப்பானில் 2009ல் சுகாதார அமைச்சகமே 'ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்லுங்கள்' என்று பிரசாரம் ஆரம்பித்தது. காரணம் எளிமையானது, வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகிறது. குழம்பு ஊற்றிக் குழையப் பிசைந்த சோற்றை ஐந்து நிமிடத்தில் உள்ளே தள்ளும் பிள்ளை, அந்தச் செய்தி வருவதற்குள் இரண்டாவது தட்டையும் முடித்திருக்கும்.

முப்பது என்று எண்ணச் சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது, சாப்பாட்டு நேரம் சண்டையாகிவிடும். வேறு வழியில் போங்கள். தட்டில் முதலில் மெல்ல வேண்டியதை வையுங்கள்: வெள்ளரி, சுண்டல், பொரியல், கொய்யா. சோறு பிறகு. சோற்றைக் குழைய விடாமல் பருக்கை பருக்கையாக வடியுங்கள், குழம்பைக் குளம்போல் ஊற்றாதீர்கள். ஒரு வாய் விழுங்கியபிறகு அடுத்ததை எடுக்கட்டும். டிவியும் போனும் இல்லாமல் நீங்களும் கூட உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுங்கள், இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், நாமே நின்றுகொண்டு அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள்தானே.

குளிர்பானம், பாக்கெட் ஜூஸ், சர்க்கரை போட்ட சத்துபானம் இவற்றுக்கு மெல்லவும் தேவையில்லை, அமிலேஸும் தேவையில்லை. நேராக உள்ளே போகிற சர்க்கரை, பசியையும் குறைப்பதில்லை. எடை கூடிய பிள்ளைக்கு ஒன்றே ஒன்று மட்டும் மாற்றுங்கள் என்று சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பட்டினி போடுவது, சோற்றை அடியோடு நிறுத்துவது எல்லாம் வளரும் பிள்ளைக்கு ஆகாது. உயரம் வளர வளர எடை அப்படியே நின்றாலே பல பிள்ளைகளுக்குப் போதுமானது.

மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

வேண்டாம். இருந்தாலும் விஷயம் சுவாரசியமானது. எச்சில் அமிலேஸுக்கான மரபணு சிலரிடம் இரண்டே பிரதிகளாகவும் சிலரிடம் பத்துக்கு மேலும் இருக்கும், பிரதி அதிகமென்றால் எச்சிலில் நொதியும் அதிகம். மாவுச்சத்தை அதிகம் உண்டு வந்த ஜப்பானியர் போன்ற மக்களிடம் சராசரியாக அதிகப் பிரதிகள் இருப்பதாக 2007ல் கண்டார்கள். 2014ல் ஒரு பெரிய ஆய்வு, பிரதி குறைந்தவர்களுக்கு உடல்பருமன் அதிகம் என்றது. மறு வருடமே இன்னும் துல்லியமாக எண்ணிப் பார்த்த வேறொரு குழு அப்படி எந்தத் தொடர்பும் இல்லை என்றது. அதே 2015ல் மெக்சிகோ குழந்தைகளிடம் செய்த ஆய்வோ, பிரதி அதிகமுள்ளவர்களுக்குப் பருமன் வாய்ப்புக் குறைவு என்றது. விஞ்ஞானிகளே இப்படி முன்னுக்குப் பின் முரணாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு, எச்சிலைக் குப்பியில் அனுப்பி ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வரும் ரிப்போர்ட்டை வைத்து உங்கள் பிள்ளையின் தட்டில் எதை மாற்றப்போகிறீர்கள்? எந்த முடிவு வந்தாலும் மேலே சொன்னதைத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

வாய் காய்ந்தால் சாப்பாடும் குறையும்

நீண்டநாள் ஊட்டச்சத்துக் குறைந்த இந்தியக் குழந்தைகளிடம் செய்து 1992ல் வெளியான ஆய்வில், மெல்லும்போது சுரக்கும் எச்சில் அவர்களுக்குக் குறைவாக இருந்தது தெரிந்தது. எச்சில் குறைந்தால் பல் சொத்தை சுலபமாக வரும், சொத்தைப் பல் வலித்தால் பிள்ளை கடிக்காது, கடிக்காவிட்டால் சாப்பாடு இன்னும் குறையும். "அது பால் பல்தானே, விழுந்துடும்" என்று விட்டுவிடாதீர்கள். சாப்பிட மறுக்கும் பிள்ளையின் வாயை வெளிச்சத்தில் திறந்து கடைவாயில் கறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள், மேல் முன்பல்லில் ஈறோரம் வெள்ளையாகவோ பழுப்பாகவோ கோடு தெரிகிறதா என்றும். தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும், அதனால்தான் பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கவைப்பது பல்லை அவ்வளவு வேகமாக அரிக்கிறது. பல்லிடுக்கில் ஒட்டிய பிஸ்கட்டையும் சிப்ஸையும் அமிலேஸ் சர்க்கரையாக்கிக் கிருமிக்குப் பரிமாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ராத்திரி பல் துலக்காமல் படுக்கக் கூடாது.

சளிக்குக் கொடுக்கும் பல சிரப்புகள் வாயைக் காயவைக்கும். 'பசி எடுக்கும்' என்று மருந்துக்கடையில் வாங்கும் டானிக் பலவற்றில் இருக்கும் சைப்ரோஹெப்டடினும் ஒவ்வாமைக்கான மருந்துதான், தூக்கமும் வாய் வறட்சியும் அதன் பக்க விளைவுகள். லேபிளைத் திருப்பிப் படியுங்கள், அந்தப் பெயர் இருந்தால் டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். 'செரிமான' சொட்டு மருந்தில் ஃபங்கல் டயஸ்டேஸ், பெப்சின் என்று எழுதியிருக்கும், டயஸ்டேஸ் என்பது அமிலேஸ் வகைதான். ஆரோக்கியமான பிள்ளைக்குக் கணையம் தேவைக்கு அதிகமாகவே அதைச் சுரக்கிறது, வெளியிலிருந்து ஊற்றுவதால் எடை ஏறப்போவதில்லை. கணையமே சரியாகச் சுரக்காத அபூர்வமான நோய்களுக்கு நொதி மாத்திரை அவசியம், அதை டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பார்.

வாயைத் திறந்தபடி தூங்கும், குறட்டை விடும் பிள்ளைக்கு மூக்கின் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம். மூச்சு விடுவதா மெல்லுவதா என்று அது ஒவ்வொரு வாய்க்கும் தடுமாறும், காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்

எடை குறைந்தால், அல்லது இரண்டு மூன்று மாதமாக அசையாமல் நின்றால். மலம் எண்ணெய்ப் பிசுக்காக, நாற்றத்துடன், நிறையப் போனால். அடிக்கடி நெஞ்சுச்சளியும் எடை ஏறாததும் சேர்ந்து இருந்தால், முத்தம் கொடுக்கும்போது தோல் அதிகம் உப்புக் கரித்தால். விழுங்கவே சிரமப்பட்டால். வயிற்றுப்போக்கின்போது வாய் காய்ந்து, அழுதால் கண்ணீர் வராமல், சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே. அங்கன்வாடியில் கைச்சுற்றளவு நாடா வைத்து அளப்பார்கள், 6 மாதம் முதல் 5 வயதுவரை 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும், 11.5க்குக் கீழே என்றால் முளைகட்டிய மாவுக்கூழை நம்பி வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, மருத்துவமனைதான்.

எடையைத் தினமும் பார்க்காதீர்கள், பால் குடித்தாலும் ஒன்றுக்குப் போனாலும் மாறும். மாதம் ஒரு முறை, அதே தராசில், மெல்லிய உடுப்புடன் பார்த்து அட்டையில் குறித்துவையுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எடையைக் கேட்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது அந்த அட்டையையும், கொடுத்துக்கொண்டிருக்கும் டானிக் பாட்டில்களையும் கையோடு எடுத்துப் போங்கள், அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.